நாற்பது வளைவும் ஒரு தஞ்சோராவும்

வால்பாறையில் குடியிருப்பவர்களுக்கு ரோலர் கோஸ்டர் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழியாறு தாண்டி, குரங்கு அருவியையும் கடந்தால் ஆரம்பிக்கிறது கூத்து. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய பலகை. 9-வது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடம். அங்கிருந்து கீழே ஆழியாறு அணை, தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரித் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறை மேல் வரையாடு நிற்கும். ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தீர்களோ, போச்சு! எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் வாசலில் இறங்கியதும் பேசக்கூட முடியாமல் திண்ணையில் சாய்ந்துவிடுவார்கள். காபியை அரைமணி கழித்துத்தான் கொடுப்பேன்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகள், காசு கொடுத்து இன்னும் சுற்ற வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். காரணம் தஞ்சோரா!

சென்னைக்குப் பக்கத்தில், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா கட்டுகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்தே என் பையனுக்கு வேறு நினைப்பில்லை. வரி விஷயத்தில் பல வருஷம் கிடப்பில் கிடந்த திட்டம் அது. 2024-ல் வேலை மும்முரமாக நடந்தபோது, எங்கிருந்தோ படங்களைப் பிடித்துவந்து, "தூண் நட்டாச்சும்மா, தண்டவாளம் ஏத்தியாச்சும்மா" என்று தினம் ஒரு செய்தி சொல்வான். தண்டவாளம் மேலே இருக்க, இருக்கைகள் அதன் கீழே தொங்குமாம். கால் அந்தரத்தில் ஆடுமாம். இந்த மாதிரி தொங்கும் கோஸ்டரை முதலில் அமைத்தவர்கள் ஸ்விட்சர்லாந்தின் பொலிகர் - மாபியார் கம்பெனி. 1992-ல் அமெரிக்காவில் சிகாகோ அருகே ஒரு பூங்காவில் ஓடவிட்டார்கள். இந்தியாவில் அவர்கள் செய்த முதல் தொங்கும் கோஸ்டர் இந்தத் தஞ்சோராதான்.

என் மாமியாருக்கு இது புரியவே இல்லை. "காசு குடுத்துத் தொங்கறதா? நம்ம தோட்டத்துப் பலா மரத்துல தொங்கினா சும்மாதானே கண்ணு!" என்றார். ஆடிப் பதினெட்டுக்குத் தூரி கட்டி, கிளை முறியுமோ என்று அஞ்சுகிற உயரத்துக்கு ஆடியவர்தான் அவரும்! அதை நினைவுபடுத்தியதும் வாயை மூடிக்கொண்டார்.

கட்டி முடிக்கும் வரை எங்கள் வீட்டிலும் ஒரு கட்டட வேலை நடந்தது. சின்னவளுக்கு உயரம் போதாது. இந்தப் பூங்காவில் 140 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் குழந்தை டிக்கெட். பெரிய சவாரிகளுக்கும் உயரக் கணக்கு பார்ப்பார்கள். ஆகவே சமையலறை நிலைப்படியில் பென்சில் கோடு போட ஆரம்பித்தாள். மாதம் ஒரு கோடு. முட்டை வேண்டாம் என்று ஓடியவள் தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பால், கேழ்வரகுக் கூழ், கீரை எல்லாம் இறங்கியது. எந்த டாக்டர் சொல்லியும் நடக்காதது! 2025 டிசம்பர் 1-ம் தேதி பூங்காவை முதலமைச்சர் திறந்துவைத்தபோது அவள் கோடு 138-ல் இருந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் செலவு, 43 சவாரிகள் என்று செய்தியைப் படித்துவிட்டு, இரண்டு சென்டிமீட்டருக்காக அழுதாள்.

பொதுவாக எனக்கு இவ்வகை யந்திரங்கள் மேல் கண்மூடித்தனமான நம்பிக்கை கிடையாது. 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவில், புதிதாக வந்த ராட்டினத்தை ஊழியர்களே ஏறிச் சோதித்தபோது விபத்தாகி ஒருவர் உயிரே போனது. அது மனசில் இருந்தது. ஆகவே விசாரித்தேன். பெரிய கோஸ்டர்களில் ஆட்களை ஏற்றுவதற்கு முன், தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்துப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாம். ஏறும்போது கேட்கும் 'டக் டக்' சத்தமும் பயமுறுத்த அல்லவாம். சங்கிலி இழுக்கும் வண்டி பின்னால் வழுக்கிவிடாமல் தடுக்கும் கொக்கியின் சத்தமாம். உச்சிக்குப் போன பிறகு எஞ்சின் எதுவும் இழுப்பதில்லை. விழுகிற வேகமே அடுத்த மேட்டில் ஏற்றுகிறது. அதனால்தான் பின்னால் வரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாக இருக்கின்றன.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நம் காதுக்குள்ளே திரவம் நிறைந்த மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. உடம்பு திரும்புவதை மூளைக்குச் சொல்வது அவைதாம். கண் மடியிலிருக்கும் புத்தகத்தைப் பார்க்க, காது 'திரும்புகிறோம்' என்று சொல்ல, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குமட்டல். நம் மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படி ஆடுகிறோம். வளைவில் உடம்பு பக்கவாட்டில் தூக்கி எறியப்படுகிறது. கோஸ்டரிலோ தண்டவாளத்தையே சாய்த்து வளைத்திருப்பதால் இருக்கையோடு சேர்த்து அழுத்தும். அதுவும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எலுமிச்சம்பழம் முகர்வது மனத்திருப்திக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். முன் ஸீட்டில் உட்கார்ந்து தூரத்தில் சாலையைப் பார்ப்பதும், எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்து இரண்டு இட்லியோடு கிளம்புவதும் நிச்சயம் பலன் தரும்.

இவர் ஒரு யோசனை சொன்னார். "மலக்கப்பாறை வழியா சாலக்குடி இறங்கினா கொச்சி வொண்டர்லா பக்கம்தானே? சென்னைக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" நியாயமான கேள்விதான். அந்தக் காட்டு வழி, அதிரப்பள்ளி அருவி எல்லாம் எனக்கும் பிடித்தவை. ஆனால் தஞ்சோரா அங்கே இல்லையே!

அப்போதுதான் பையன் சொன்னான், "அப்பா, தங்கச்சி, நான் மூணு பேரும் ஏறுவோம். அம்மா கீழ நின்னு பையைப் பாத்துக்கட்டும்." சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. மாரியம்மன் நோம்பி ராட்டினத்தில் ஆரம்பித்து, போகிற இடமெல்லாம் செருப்பு, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டிலோடு கீழே நின்று கையசைத்தவள் நான். நாற்பது வளைவிலும் இதுவரை ஒரு தடவைகூட வாந்தி எடுக்காதவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பது யாருக்காவது ஞாபகம் இருந்ததா?

"நானும் ஏறுவேன்" என்றேன். வீடு நிசப்தமாகிவிட்டது!

மறுநாளே டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தம், இதயம், கழுத்து எலும்பு எல்லாம் பார்த்தார். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கழுத்து அல்லது முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஏறவே கூடாது என்றார். எனக்குத் தடை ஏதுமில்லை. சவாரி முழுக்கத் தலையைப் பின்னால் நன்றாக அழுத்திக்கொள்ளச் சொன்னார். புடவை, துப்பட்டா ஆகாது. சுடிதாரை மட்டும் போட்டுக்கொண்டு, கூந்தலை இறுக்கிப் பின்னி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். கால் தொங்கும் சவாரியாதலால் செருப்பு பறந்துவிடும். வார் வைத்த ஷூ ஒன்று பொள்ளாச்சியில் வாங்கினேன்.

மே லீவில் கிளம்புகிறோம். சின்னவளின் கோடு இப்போது 141. பைகளை வைக்கப் பூங்காவிலேயே வாடகைக்கு லாக்கர் உண்டென்று இவரே விசாரித்துச் சொன்னார். முன் வரிசையில் யார் உட்காருவது என்பதில்தான் தினமும் சண்டை.