ஆடியில் அட்மிஷன்

ஜூன் 20, வியாழன்

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டேன். கர்ப்பப்பையை எடுப்பது என்று முடிவாகிவிட்டது, கட்டி பெரிது. ஆனால் ஹீமோகுளோபின் 7.8 தான் இருக்கிறது. பெண்களுக்குக் குறைந்தது 12 வேண்டும். "இந்த ரத்தத்தோட டேபிள்ல ஏத்த முடியாதும்மா, முதல்ல அதை ஏத்துவோம்" என்றார் டாக்டரம்மா.

மாதா மாதம் கட்டி கட்டியாகப் போகிறது. எங்கள் எம்.கே.பி. நகரில் எந்தப் பெண்ணும் இதை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. மூச்சு வாங்கினால் மாடிப்படி ஏறியதால், கிறுகிறுத்தால் வெயிலால். அம்மாவும் இப்படியேதான் வெளுத்துப்போய்த் திரிந்தாள்.

ஜூன் 24, திங்கள்

இரும்புச்சத்து மருந்தை சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரவேண்டும். மூலக்கொத்தளம் வழியாக ஷேர் ஆட்டோ. பக்கத்துக் கட்டிலிலும் என்னைப் போலவே ஒருத்தி, காசிமேட்டில் மீன் விற்பவள்.

ஜூலை 7, ஞாயிறு

எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொண்டு, "ஆடி பொறக்கப் போவுது, இப்ப போயா கத்தி வச்சுக்கறே? ஆவணிக்குத் தள்ளிப் போடு" என்கிறாள். அன்பில் சொல்கிறாள், தெரியும். ஆனால் தையல்காரிக்கு ஆடியை விட்டால் வேறு மாதம் ஏது? முகூர்த்தம் இல்லை, கல்யாண பிளவுஸ் இல்லை. ஆவணியில் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. கர்ப்பப்பை எடுத்தால் ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது, மிதிமெஷின் கூடாது. கூழ் வார்க்கிற அம்மன் என் கணக்கைப் புரிந்துகொள்வாள்.

ஜூலை 11, வியாழன்

10.2! ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தேன். சதைப் பரிசோதனையிலும் புற்றுநோய் இல்லை. ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, சுகர், கிரியாட்டினின் எல்லாம் முடித்து மயக்க டாக்டரிடம் போனேன். ஆடுகிற பல் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, முன்பு ஆபரேஷன் செய்தபோது வாந்தி வந்ததா என்று பொறுமையாகக் கேட்டார். முதுகில்தான் ஊசி. பிரஷர் மாத்திரையை மட்டும் அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரில் போட வேண்டும். 18 அட்மிஷன், 19 ஆபரேஷன்.

ஜூலை 15, திங்கள்

ரத்தம் தேவைப்பட்டால் என்று பிள்ளைகள் இருவரும் ரத்த வங்கிக்குப் போனார்கள். மகன் கொடுத்தான். மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுப்பதற்கு 12.5 வேண்டும், அவளுக்கு 9.6. வயது இருபத்திரண்டு.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் கணக்கு என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே சட்டியில் சோறு பொங்குகிறோம். அண்ணனுக்குக் கொடுக்கிற அளவு இருக்கிறது, தங்கைக்கு இல்லை. கடைசியில் சாப்பிடுகிற பழக்கத்தை நான் எனக்கு மட்டும் வைத்திருந்ததாக நினைத்தேன். அவளும் என்னோடுதானே உட்கார்கிறாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, என் ஆபரேஷனை நினைத்து அல்ல.

ஜூலை 17, புதன், ஆடி 1

பையில் இரண்டு பழைய நைட்டி, துண்டு, போர்வை, டம்ளர், தட்டு, பிளாஸ்க், பஞ்சுப்பட்டை. ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில். நகை, அதிகப் பணம் வேண்டாம்.

மூக்குத்தித் திருகாணி அசையவே இல்லை. அத்தை தேங்காயெண்ணெய் விட்டு விட்டுக் கழற்றினார். தாலியையும் கழற்ற வேண்டும் என்றதும் அவர் கை நின்றுவிட்டது. ரத்தக்குழாயைக் கரன்ட் வைத்துத்தான் பொசுக்குவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடக்கூடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, அவரே கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அத்தைக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 18, வியாழன்

வார்டில் கட்டில் கிடைத்துவிட்டது. ராத்திரி ஆண்களுக்கு இங்கே அனுமதி இல்லை, துணைக்கு மகள். இட்லி சாப்பிட்டாயிற்று, பத்து மணிக்கு மேல் எதுவும் கூடாது.

மகளுக்கு சிஸ்டரிடம் கேட்டு இரும்பு மாத்திரைக்கு வழி செய்தேன். "டீயோட போடாதே, டீ அதை உடம்புல சேரவிடாது. எலுமிச்சை ஜூஸோட போடு" என்று அவளிடம் சிஸ்டரே சொன்னார். மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்டதற்கு எட்டு என்றாள், சாதாரணமாக. நான் எழுந்து நடமாடியதும் முதல் வேலை, இதே கட்டடத்தில் அவள் பேரில் ஓ.பி. சீட்டு.