நாற்பது படிக்கு ஒரு படி

தலைமையாசிரியரிடம் மன்றாடி ஒரு மாத லீவு வாங்கிக்கொண்டு, சென்ற மார்ச்சு மாதம் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பியிடம் போயிருந்தேன். "அண்ணா! பக்கத்திலே வெர்மாண்ட் ராஜ்யத்தில் மரத்திலிருந்து சர்க்கரைப் பாகு எடுக்கிறார்கள். பார்த்துவிட்டு வரலாம்" என்றான். மரத்தில் பாகு ஊறுவதாவது! உபாத்தியாயரிடமே கதை அளக்கிறான் என்று நினைத்தேன். ஊறுவது வெறும் நீர்தான் என்பதையும், அது பாகாவதற்குள் மனிதன் படும் பாடு எவ்வளவு என்பதையும் அன்று இரவுக்குள் தெரிந்துகொண்டேன்.

பனியும் சேறும் கலந்த மலைப்பாதை வழியே சென்றோம். இலை ஒன்றுகூட இல்லாத மேப்பிள் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு தகர வாளி தொங்கிற்று. தோப்பின் நடுவே ஒரு மரக் கொட்டகை. அதன் கூரைத் திறப்பின் வழியே வெண்மேகம்போல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க கிழவர் ஒருவர் எங்களை அன்புடன் வரவேற்றார்.

இரவில் நீர் உறையும் குளிர், பகலில் பனி உருகும் வெயில் - இவ்விரண்டும் மாறி மாறி வந்தால்தான் மரத்தில் நீர் ஓடும். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சில வாரங்களே இதற்குப் பருவம். மொட்டு விரியத் தொடங்கினால் சுவை கெட்டுவிடும். கன்று வளர்ந்து துளையிடத் தகுதி பெறுவதற்குச் சுமார் 40 ஆண்டுகள் ஆகுமாம். "என் பாட்டனார் காத்த மரங்களில் நான் நீர் எடுக்கிறேன். நான் காக்கும் கன்றுகளில் என் பேத்தி எடுப்பாள்" என்றார் கிழவர்.

அவர் கொடுத்த நீரைக் குடித்துப் பார்த்தேன். இளநீரின் இனிப்புக்கூட இல்லை. 100 பங்கு நீரில் சர்க்கரை சுமார் 2 பங்குதான். பாகிலோ 66 பங்கு இருக்கவேண்டும். ஆகவே 40 படி நீரைக் காய்ச்சினால் ஒரு படி பாகு! மிச்சம் 39 படியும் கூரை வழியே போய்விடுகிறது.

அதற்கென்று அமைந்ததே 'எவாபரேட்டர்' என்னும் ஆவியாக்கும் அடுப்பு. இரண்டு ஆள் நீளமுள்ள இரும்பு அடுப்பின் மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள். பின்தட்டின் அடிப்பாகம் விசிறி மடிப்புப்போல் இருக்கிறது. மடிப்புகளினூடே தீ புகுந்து செல்வதால் சூடு படும் பரப்பு அதிகமாகி, நீர் விரைவில் சுண்டுகிறது. சுண்டிய நீர் முன்தட்டுக்கு வந்து, அங்குள்ள தடுப்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து நகர்கிறது. பின்னே மட்டம் குறைந்தால் ஒரு மிதவை தானே குழாயைத் திறந்து புது நீரை விடுகிறது. ஒரு முனையில் நீர் புகுந்துகொண்டேயிருக்க, மறுமுனையில் பாகு பிறந்துகொண்டேயிருக்கிறது!

ஆனால் தட்டில் நீரின் ஆழம் ஓரிரண்டு அங்குலமே. கவனம் தப்பினால் சில நிமிஷங்களில் அடிபிடித்துத் தட்டே கருகிவிடும். கிழவர் பேச்சு எங்களிடம் இருந்தாலும் கண் தட்டை விட்டு அகலவில்லை. பொங்கி எழுந்தபோது துளி வெண்ணெய் போட்டார், நுரை அடங்கிற்று. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிடச் சுமார் 4 டிகிரி சென்டிகிரேடு ஏறினால் பதம். உஷ்ணமானி இருந்தும், அகப்பையை முக்கித் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக விழுந்த பாகு, சற்று நேரத்தில் திரைபோல் விரிந்து விழுந்தது. உடனே இறக்கிக் கம்பளித் துணியில் வடிகட்டினார்.

மரத்து நீர் பாலைப்போல் கெட்டுவிடும், அன்றன்றே காய்ச்சியாகவேண்டும். நீரின் பெரும்பகுதியைச் சவ்வின் வழியே முன்னதாகவே நீக்கும் யந்திரங்கள் 1970-களிலிருந்து வழக்கத்தில் உள்ளன. "அதை வாங்கினால் ராத்தூக்கம் கிடைக்கும். விறகடுப்பை விட மனம் வரவில்லை" என்று சிரித்தார்.

விறகைத் தள்ளியவாறே அவர் பழைய சரித்திரம் ஒன்றும் சொன்னார். இவ்வித்தையைக் குடியேறிய வெள்ளையருக்குக் கற்பித்தவர்கள் அந்நாட்டுப் பூர்வகுடிகள். பிறகு 1791-ல் பிலடெல்பியா வைத்தியர் பெஞ்சமின் ரஷ், அடிமைகளை வதைத்து விளைவிக்கும் கரும்புச் சர்க்கரைக்குப் பதிலாக மேப்பிள் சர்க்கரையை உண்ணலாம் என்று தாமஸ் ஜெபர்ஸனுக்கு எழுதினார். ஜெபர்ஸனும் வர்ஜீனியாவில் தம் தோட்டத்தில் மேப்பிள் கன்றுகள் நடச் செய்தார். அவை பெரும்பாலும் பட்டுப்போயின. அத்தோட்டத்தில் பாடுபட்டவர்களே அடிமைகள்தாம் என்பது சரித்திரத்தின் விநோதம்!

எனக்கு நம்மவர் நினைவு வந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டக்காரர்கள் ஆள் தேடி நம் கரைக்கல்லவா வந்தார்கள்? சென்னையில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ட்ரூரோ' கப்பல், 1860 நவம்பர் 16-ந் தேதி நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இனிப்பு எங்கே பிறந்தாலும் அதற்காக ஒருவர் அடுப்படியில் வேகத்தான் வேண்டும். அவ்வேலையைத் தாமே ஏற்றாரா, பிறர் அவர் தலையில் சுமத்தினார்களா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நள்ளிரவில் பேத்தி பாகை மேலும் முறுகக் காய்ச்சிப் பனிக்கட்டியின் மேல் ஊற்றிக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ள என்ன தெரியுமா? புளித்த வெள்ளரிக்காய் ஊறுகாய்! திகட்டாமலிருக்க அதுவே அவ்வூர் வழக்கமாம்.

ஊருக்குக் கொண்டுவந்த புட்டியைத் திறந்து வீட்டில் தோசைக்குப் பரிமாறினோம். என் பெண் தட்டில் கொஞ்சம் மீதம் வைத்தாள்.

"வழித்துச் சாப்பிட்டுவிடு, அம்மா! அது ஒரு தாத்தாவின் ராத்தூக்கம்" என்றேன்.