ஜனதா காலனியிலிருந்து சீட்டா கேம்ப் வரை

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த 1976 மே மாதம் ஜனதா காலனியை இடித்தார்கள். எனக்கு அப்போது விவரம் தெரிகிற வயது. செம்பூர் தாண்டி, டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் காலனி. பம்பாயின் வேறு இடங்களில் குடிசை இழந்தவர்களை ஒரு காலத்தில் மாநகராட்சியே கொண்டுவந்து குடிவைத்த இடம். சுமார் 70,000 பேர் இருந்தோம், தமிழர் நிறைய.

அணுசக்தித் துறை அந்த நிலத்தைத் தன் ஊழியர்களின் தேவைக்குக் கேட்டது. உலை பக்கத்தில் இருப்பது ஆபத்து என்று எங்களை நகர்த்தவில்லை. சைரஸ் உலை 1960-லிருந்தே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதில் கிடைத்த புளூட்டோனியம்தான் 1974-ல் போக்ரானில் வெடித்தது. நம்ம பக்கத்தில் செய்தது என்று அப்பாவுக்கு அதில் பெருமைகூட உண்டு.

கோலார் தங்க வயலிலிருந்து வந்து எங்களோடு வாழ்ந்த ஜோக்கின் அற்புதம் வழக்கு, மனு, டெல்லி என்று அலைந்து இடிப்பைப் பல வருஷம் தள்ளிப்போட்டார். குப்பை அள்ள ஆள் வராதபோது பிள்ளைகளைத் திரட்டி, அதை மாநகராட்சி அலுவலகத்து வாசலிலேயே கொட்டவைத்தவர். எமர்ஜென்சியில் அவராலும் தடுக்க முடியவில்லை.

போலீஸ் வருமுன்பே அப்பா கதவைக் கழற்றிவிட்டார். தகர ஷீட்டுகளை அம்மா எண்ணி எண்ணிக் கட்டினாள். புது இடத்தில் கூரைக்கு வேறு வழியில்லை. எங்களைக் கொண்டுபோய் விட்ட சீட்டா கேம்ப் அன்று சதுப்பு நிலம். கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கும். கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கிக்கொண்டிருக்கும்போதே ஜூன் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பைக் கட்டில்மேல் வைத்துச் சமைத்தாள் அம்மா. அணு மையத்தின் வேலி இங்கிருந்தும் தூரமில்லை.

அமெரிக்க அணு ஒப்பந்தத்தை ஒட்டி 2010 டிசம்பர் 31-ல் சைரஸை நிரந்தரமாக நிறுத்தினார்கள். ஓய்ந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உலை அவ்வளவு எளிதில் ஓயாது. எரிபொருளை வெளியே எடுக்க வேண்டும், கனநீரை வடிக்க வேண்டும். கதிரியக்கம் ஏறிய இரும்பையும் கான்கிரீட்டையும் தொடவே பல பத்தாண்டுகள் காத்திருக்க நேரலாம். அதுவரை காவல் வேண்டும். எங்களைக் காலி செய்ய 1976-ன் அந்த ஒரு கோடை போதுமாக இருந்தது.

அடுத்த மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. உலைகளை மூடிப் பிரித்தெடுப்பதற்கான பாதுகாப்புக் கையேடு வெளியாகி 13 ஆண்டுகள் கழிந்தும், நாட்டின் எந்த அணுமின் நிலையத்துக்கும், நின்றுபோனவை உட்பட, அதற்கான திட்டம் இல்லை என்றது அந்த அறிக்கை. படித்து எனக்கு ஆத்திரம் வந்தது. குடிசையை எடுக்கத் தேதி குறித்த தேசம், உலையை எடுக்க ஒரு திட்டமும் எழுதவில்லை.

2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அப்போது இருந்தது 9,000-க்கும் குறைவு. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உலைகளுக்கு நிலம் கொடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: விலை பேசும்போதே, உலை நின்ற பிறகு யார் காவல், கழிவு எங்கே போகும், சங்கு ஊதினால் பிள்ளைகளோடு எந்தப் பக்கம் ஓடுவது என்று உங்கள் மொழியில் எழுதி வாங்குங்கள்.