வளையத்துக்குள் 55 எழுத்துகள்

ஷார்த்ரூஸ், வெர்கோர், பெல்தோன் என்று மூன்று மலைத்தொடர்கள் நெருக்கி நிற்கும் பிரெஞ்சு நகரம் கிரெனோபிள். ரோப் காரில் பஸ்தீய் கோட்டைக்கு ஏறிப் போய்க் கீழே பார்த்தேன். திராக் ஆறு இசேர் ஆற்றோடு கலக்கும் முனையில் பெரிய வளையம் ஒன்று கிடந்தது. நான் காண வந்த சின்க்ரோட்ரான் அதுதான்.

சுற்றளவு 844 மீட்டர். உள்ளே ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. வெறும் 2 நானோமீட்டர் அகலமுள்ள டிஎன்ஏவை ஒரு புரதம் எந்த இடத்தில் பற்றுகிறது என்று பார்க்க இவ்வளவு பெரிய கருவி! அருகே போய் நின்றபோது எனக்குச் சிலிர்த்தது.

என் மனமெல்லாம் ஒரே டிஎன்ஏ துண்டில்தான் இருந்தது. வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரான்-பீட்டா மரபணுவை முடுக்கிவிடும் என்ஹான்சர் அது. நீளம் சுமார் 55 எழுத்து இணைகள். அதன்மேல் எட்டுப் புரதங்கள். ஹார்வர்டில் டேனியல் பன்னெ, டாம் மானியாட்டிஸ், ஸ்டீபன் ஹாரிசன் மூவரும் 2007-இல் அதன் அணு மாதிரியை வெளியிட்டார்கள். பன்னெ பின்னர் இதே கிரெனோபிளில் ஆய்வுக்குழு நடத்தினார்.

டிஎன்ஏவின் முறுக்கைப் பிரிக்காமலே புரதம் அதை வாசித்துவிடுகிறது. முறுக்கில் அகலப் பள்ளம் ஒன்று, குறும்பள்ளம் ஒன்று. ஒவ்வொரு எழுத்து இணையின் விளிம்பும் அகலப் பள்ளத்தில் தனக்கே உரிய வேதி அடையாளத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த எட்டில் இடம்பெறும் ஐஆர்எஃப் என்ற புரதம் தன் சுருள் ஒன்றை அங்கே செருகி ஜிஏஏஏ வரிசையை அறிகிறது. கூடவே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்றைக் குறும்பள்ளத்துக்குள் நுழைக்கிறது. அந்தப் பிடியில் டிஎன்ஏ சற்றே வளைகிறது.

அந்த வளைவுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. எட்டுப் புரதங்களும் நெருங்கி அமர்ந்திருந்தாலும் ஒன்றையொன்று தொடுவது மிகக் குறைவு. நெரிசலான பேருந்தில் ஒருவர் ஒதுங்கினால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும் அல்லவா? அப்படி, ஒரு புரதம் உண்டாக்கும் வளைவு பக்கத்துப் புரதத்துக்கு வாகாக அமைகிறது. டிஎன்ஏவே அவற்றுக்கிடையே சேதி கொண்டுபோகிறது. ஏறத்தாழ எல்லா எழுத்துகளும் ஏதாவதொரு புரதத்தின் பிடியில் இருக்கின்றன. பாலூட்டிகளில் இந்த வரிசை அதிகம் மாறாமலே வந்திருப்பதன் காரணம் இங்கே புலப்படுகிறது.

இந்தப் புரதங்கள் வேறு மரபணுக்களிலும் வேலை பார்ப்பவை. வைரஸ் தொற்றினால்தான் இவை ஒருசேர இங்கே வந்து அமர்கின்றன. பிறகு உருவாகும் இன்டர்ஃபெரான் செல்லைவிட்டு வெளியேறி, இன்னும் தொற்றாத அண்டைச் செல்களை எச்சரிக்கிறது.