ஏழு சரக்கில் ஒன்று

ஆவாரை பூத்த ஊரில் சாவு இல்லை என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. எங்கள் ஊர்க் கரட்டில் ஆவாரை இல்லாத இடம் கிடையாது. என் தாத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளோடு பாதி ஆயுளைக் கழித்தவர். சர்க்கரை நோயில் முதலில் அவர் கால் போனது, பிறகு ஆளும் போனார். அதனாலேயே இந்தச் சொலவடையை யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்த பிறகு அவள் அடுப்பங்கரையில் ஆவாரம்பூ டீ பாக்கெட் ஒன்றைப் பார்த்தேன். காஃபின் இல்லை, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், தினமும் எத்தனை முறை வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று போட்டிருந்தது. அடியில் அதே சொலவடை. அதை நம்பி மாத்திரையை அவளாகவே பாதியாகக் குறைத்திருந்தாள். இந்தப் பூவைக் குடிக்கச் சொன்னது யார், எந்த நோவுக்குச் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறைத் தொடும் அப்பத்தாவிடம்தான் முதலில் கேட்டேன். "பூவையா? காயவச்சுக் குளிக்கிற பொடியில போடுவோம். பொங்கலுக்கு வேப்பிலையோட சேத்துக் கூரையில செருகுவோம். பட்டைய உரிச்சு ஷாப்புக்கு ஏத்துவோம். குடிச்சதெல்லாம் உங்க சிலோன் அப்பத்தாதேன்" என்றது.

பட்டைக் கதை எனக்குத் தெரிந்ததுதான். தென்னாட்டுத் தோல் தொழில் நெடுங்காலம் இந்தப் பட்டையின் துவர்ப்பை நம்பித்தான் ஓடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தபின்தான் ஆவாரைக்கு மவுசு குறைந்தது. டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்குத் திண்டுக்கல் ஷாப்புகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. குறுந்தொகையில் தலைவன் ஏறும் மடல்குதிரைக்கும் ஆவிரை மாலையில் கட்டும் பூதான். ஆக, எங்கள் வீட்டில் இது குடிக்கும் பொருளாக நுழைந்தது சிலோன் அப்பத்தா வழியாகத்தான்.

அவர் தாத்தாவின் தங்கை. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர். சாயங்காலம் காய்ந்த மஞ்சள் இதழ்களைக் கொதிக்கவிட்டு, உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்பார். எங்களுக்கும் ஒரு வாய் கிடைக்கும். 'ரணவரா' என்று அவர் சொன்னது வெகுகாலம் எனக்கு வெறும் ஓசையாகவே இருந்தது. அது ஆவாரையின் சிங்களப் பெயர் என்று பின்னால் தெரிந்தது. இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைப் பக்க வறண்ட காடுகளில் ஆவாரை மண்டிக் கிடக்கிறது. ஆங்கிலேயர் இந்தச் செடியை 'மாத்தறைத் தேயிலை மரம்' என்றும் குறித்தார்கள். பூவைக் குடிக்கும் வழக்கம் அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. உடம்புச் சூடு தணிய, நீர்க்கடுப்பு போக, களைப்பாற என்றுதான் குடிக்கிறார்கள். பெரும்பாலும் கருப்பட்டியையோ சர்க்கரைக் கட்டியையோ கடித்துக்கொண்டு.

அந்தக் கருப்பட்டித் துண்டு என்னை நிறுத்திவிட்டது. சர்க்கரை நோய்க்கு மருந்தென்று நினைத்துக் குடிப்பவர் யாராவது கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பாரா? அப்படியென்றால் பாக்கெட்டில் இருக்கும் சர்க்கரைக் கணக்கு வேறெங்கோ இருந்து வந்திருக்க வேண்டும்.

அந்த வேறெங்கோவைத் தேடித்தான் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ச் சித்த வைத்தியரிடம் போய் உட்கார்ந்தேன். ஆவாரம்பூவின் குணத்தைச் சொல்லுங்கள் என்றால் சொல்லமாட்டார். மறுபடி போனால் மறுபடியும் மறுப்பார். "தம்பி, பூவ மட்டும் தனியாக் கேக்காதீக. நான் பூவ மட்டும் யாருக்கும் குடுத்ததில்ல." பூவுக்கு மட்டும் ஒரு பதில் கிடைத்தால் போதும் என்று நான் எத்தனை விதமாக வளைத்துக் கேட்டாலும், மனிதர் எழுந்து போய்ச் சரக்குகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாக மேசையில் வைப்பார். ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை. ஏழும் சேர்ந்தால்தான் ஆவாரைக் குடிநீர்.

தேரையர் பெயரில் அதற்கு ஒரு பாட்டு உண்டு என்று சொல்லி, பாட்டை விட்டுவிட்டுப் பொருளைச் சொன்னார்: இதைக் குடித்தால் காவிரியும் வற்றும், கடலும் வற்றும். "எந்தத் தண்ணியச் சொல்றாருன்னு நெனைக்கீக?" என்று கேட்டார். மதுமேகக்காரனுக்கு, அதாவது சர்க்கரை நோயாளிக்கு, ஓயாமல் போகும் சிறுநீரைத்தான் சொல்கிறார். பாட்டுக்காரர் கண்ணால் பார்த்த நோய்க்குறி அதுதான். அது குறைந்ததா என்பதுதான் அவருடைய அளவுகோல்.

வைத்தியரின் பிடிவாதம் முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. நாடி பார்க்கிறார். இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய் என்று கேட்கிறார். மாத்திரைச் சீட்டை வாங்கிப் படிக்கிறார். இடித்த சரக்கை எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சச் சொல்கிறார். ஒரு மண்டலம் முடிந்ததும் நிறுத்திவிட்டு வா, மறுபடி பார்க்கிறேன் என்கிறார். ஆளும் அளவும் நாளும் முடிவாகாமல் அங்கே ஒரு மடக்கு மருந்துகூடக் கிடையாது.

அதற்குமேல் நவீன ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2002-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரியும் லதாவும் ஆவாரம்பூச் சாற்றைச் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை தெளிவாகவே இறங்கியது. எனக்கு அதைப் படித்தபோது உண்மையான மகிழ்ச்சி. ஆனால் எலிக்கு உடல் எடைக்கு ஏற்ப அளந்து கொடுத்த சாறு வேறு. ஒரு தம்ளர் வெந்நீரில் நான்கு இதழ் மிதப்பது வேறு.

மனிதர்களிடம் முறையாக நடந்த சோதனை ஒன்று இலங்கையில் கிடைத்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு மூலிகைத் தேநீரும், மருந்தில்லாத போலித் தேநீரும் மாற்றி மாற்றிக் கொடுத்து, 2005-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். மூலிகைத் தேநீர் குடித்த காலத்தில் ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு குறைவாக இருந்தது. அதில் இருந்த மூலிகை கடலழிஞ்சில். வைத்தியர் மேசையில் நான்காவதாக வைத்த, நான் ஏறிட்டும் பார்க்காத கட்டை!

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் நாட்டு மருந்துச் செடிகளைச் சோதித்து 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் மூன்று செடிகளில் இருப்பதாகச் சொன்னது. அவற்றை ஊட்டிய எலிகளின் ஈரல் பாதிக்கப்பட்டது. மூன்றில் ஒன்று ஆவாரை. 2004-இல் வந்த இன்னோர் ஆய்வில், வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபினோடு ஆவாரைத் தேநீரும் கொடுக்கப்பட்ட எலிகளின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறியது. இவையும் எலிகள்தான். ஆனால் நல்லதற்கு எலியைச் சாட்சிக்கு இழுக்கிறவர்கள் கெட்டதற்கும் அதே எலியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது எனக்குக் கணக்குத் தெளிவாகிவிட்டது. இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கருப்பட்டியோடு சூடு தணியக் குடித்த சாயங்காலப் பானம். அது யாருடைய சர்க்கரை நோயையும் தீர்ப்பதாகச் சொன்னதில்லை. மற்றது, ஏழு சரக்கும் பத்தியமும் கெடுவும் உள்ள மருந்து. அதை யாரும் பொழுதுபோக்காகக் குடித்ததில்லை. பாக்கெட் முதலாவதின் எளிமையையும் இரண்டாவதின் வாக்குறுதியையும் எடுத்து ஒன்றாகக் கட்டிவிட்டது. இரண்டிலும் இருந்த கட்டுப்பாடு மட்டும் விட்டுப்போனது.

அப்படியானால் அந்தக் கோப்பையில் நன்மையே இல்லையா? இருக்கிறது. காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். டீயை விட்டு இதற்கு மாறியதும் அக்காவுக்கு ராத்திரி தூக்கம் கூடியிருக்கிறது. முன்பு நாளுக்கு 4 டீ, டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 32 கிராம். அவ்வளவும் ஒரே வீச்சில் நின்றுபோனது. அவள் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தால் முதல் பெருமை நிறுத்திய சர்க்கரைக்குத்தான் சேர வேண்டும். இது சின்ன லாபமும் இல்லை. ஆனால் இந்த லாபத்தைச் சீரக வெந்நீரும் தரும்.

மருத்துவரிடம் கேட்டு அக்கா மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டாள். ஆவாரம்பூ எப்போதாவது ஒரு தம்ளர்தான். மற்ற நாளில் சீரகம். பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டியது என்ன என்று என்னைக் கேட்டால் மூன்றைச் சொல்வேன்: ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் வரை, எந்த மாத்திரை சாப்பிடுபவர் குடிக்கக் கூடாது. வைத்தியர் ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்பது இவற்றைத்தான். நோயாளிகள் வரிசையில் நிற்கும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில், ஏழு சரக்குக் குடிநீரையும் தனிப் பூவையும் எதிரெதிரே வைத்து, ஈரலையும் கூடவே அளந்து, மனிதர்களிடம் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். கடலழிஞ்சிலுக்கு இலங்கை செய்ததை ஆவாரைக்கு நாம் செய்யலாம். செடி நம் கரட்டில்தான் நிற்கிறது.