குப்பத்து வண்டி முதலில் புறப்படும்

2025 ஜூன் மாத மாலை. திருப்பதியில் ஒரு தெலுங்கு நாளிதழின் பதிப்பு அலுவலகம். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொரு திரையிலும் பாதி நிரம்பிய ஒரு பக்கம். தன் பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, பக்க வடிவமைப்பாளர் மௌஸைக் கையில் எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழில். வீடு சித்தூரில். மனைவிக்குக் குடியாத்தம் பக்கம் என்பதால் தமிழ் சரளமாக வருகிறது. பெயரும் பத்திரிகையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

முதலில் விளம்பரம் உட்காரும். எந்தப் பக்கத்தில் எத்தனை காலம், எத்தனை சென்டிமீட்டர் என்று விளம்பரப் பிரிவு ஒரு டம்மி அனுப்பிவிடுகிறது. அன்று ஒரு நகைக்கடை, ஒரு கல்லூரி அட்மிஷன், ஒரு கண்ணீர் அஞ்சலி. அவற்றை இறக்கிவைத்த பிறகு மிஞ்சுகிற வெள்ளை இடம்தான் மாவட்டத்தின் ஒரு நாளுக்கு. அதிலும் ஒரு மூலை நிரந்தரமாகப் போய்விடுகிறது. நேற்று திருமலையில் எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள், எத்தனை பேர் முடி கொடுத்தார்கள், உண்டியல் எவ்வளவு, இலவச தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தேவஸ்தானம் தினமும் தருகிற கணக்கு அது. “மத்த ஊர் பேப்பர்ல வெயில் எவ்வளவுன்னு போடுவாங்க இல்லையா, எங்களுக்கு இது. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா காலையில போன் அடிச்சுக்கிட்டே இருக்கும்” என்றார்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு மூட வேண்டும், எந்த வண்டி எப்போது கிளம்பும் என்கிற பட்டியல். இந்தத் தாளைப் புரிந்துகொள்ளாமல் இவருடைய வேலையைப் புரிந்துகொள்ள முடியாது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் கூடும் மூலையில் இருக்கிறது குப்பம். அதற்கான பத்திரிகை முதலில் அச்சாகி முதலில் புறப்பட வேண்டும். அப்புறம் பலமநேர், சித்தூர். திருப்பதி நகரப் பதிப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. இரவு பதினோரு மணிக்கு நடந்த விபத்து திருப்பதிக்காரருக்குக் காலையில் செய்தி. குப்பத்துக்காரருக்கு அது மறுநாள்தான். எந்தச் செய்தியைத் திறந்தாலும் இவர் மனசுக்குள் ஒரு வண்டி ஓடுகிறது. இது எந்த ஊர்ச் செய்தி என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த ஊர் வரைக்கும் போய்ச் சேரும் என்றும் பார்க்க வேண்டும்.

மண்டலங்களிலிருந்து, அதாவது மாவட்டத்துக்குள் இருக்கும் சிறு நிர்வாகப் பிரிவுகளிலிருந்து, செய்தி அனுப்புகிறவர்களை கண்ட்ரிபியூட்டர் என்கிறார்கள். எல்லாரும் இப்போது செல்போனிலேயே யூனிகோடில் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பத்திரிகையின் சொந்த எழுத்துருவுக்கு மாற்றும்போது சில இடங்களில் அடியில் இருக்க வேண்டிய எழுத்து காணாமல் போகும். அதனால் செய்தி பக்கத்தில் விழுந்ததும் ஆள் பெயர், ஊர்ப் பெயர் மட்டும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறார். இது இவர் வேலைப் பட்டியலில் இல்லாத வேலை. ஒரு கிராமத்தின் பெயர் ஆண்டில் ஒரு முறைதான் பேப்பரில் வரும், அதுவும் தப்பாக வரலாமா என்று கேட்டார்.

தெலுங்கு லிபியோடு இவர் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். நமக்கு மெய்யெழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், புள்ளி வைத்தால் தீர்ந்தது. தெலுங்கில் இரண்டாவது மெய் முதல் எழுத்தின் காலடிக்குப் போய்விடும். ஒத்து என்பார்கள். திருமல, திருபதி இரண்டு பெயரிலும் ஒத்து கிடையாது, எந்தத் தலைப்பிலும் அடங்கி உட்காரும். சித்தூரு என்றால் ஒன்று தொங்கும். பிரஹ்மோத்ஸவாலு என்று வந்துவிட்டால் முதல் மூன்று எழுத்துக்கும் அடுத்தடுத்துக் கீழே இறங்கும். அன்று கோவிந்தராஜ சுவாமி கோயில் பிரம்மோற்சவச் செய்திக்கு இரண்டு வரித் தலைப்பு. மேல் வரியில் அந்தச் சொல். நேர் கீழே, அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘தி’. அதன் தலைமேல் இருக்கும் இகரக் குறி, மேலிருந்து தொங்குகிற ஒத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வரி இடைவெளியைக் கூட்டினால் கீழே செய்தியில் இரண்டு வரி வெட்ட வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் தலைப்பு சோர்ந்துபோகும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டெஸ்க்கைப் பார்த்து, “அன்னா, மேல் வரியைக் கீழே போட்டுக்கலாமா?” என்றார். சப் எடிட்டர் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வரிகள் இடம் மாறின. கீழே வெள்ளை இடம் இருந்ததால் மூன்று ஒத்துகளும் தாராளமாக இறங்கின. நாளை இதைப் படிக்கிறவர் எவரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. கண் தடுக்காமல் ஓடும், அவ்வளவுதான். எனக்கு இது பெரிய வேலையாகவே தெரிகிறது.

இந்தப் பக்கங்களுக்கும் சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1908இல் பம்பாயில் வார இதழாகத் தொடங்கிய ஆந்திர பத்திரிகை, 1914இல் சென்னையிலிருந்து நாளிதழானது. 1938இல் ஆந்திர பிரபாவும் சென்னையில்தான் பிறந்தது. தெலுங்கு தேசம் படித்த நாளிதழ் பல ஆண்டுகள் நம் ஊரில் எழுத்துக் கோத்து அச்சானது. பத்திரிகை ஓவியராக இருந்து திரைப்பட இயக்குநரான பாபு, சென்னையிலேயே வாழ்ந்து 2014இல் மறைந்தார். அவருடைய கையெழுத்து இன்று ஓர் எழுத்துருவாகிக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கட்டுரைத் தலைப்பு வரை நிற்கிறது. ஈநாடு 1974இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கி, 1982இல் திருப்பதிக்கு வந்தது. 1989இல் மாவட்டத்துக்கென்று தனி இணைப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் கதையே மாறியது. மண்டலத் தலைநகரில் நடந்த ரத்ததான முகாம்கூடப் படத்தோடு வர, அதைப் பக்கமாக்க ஊரிலேயே ஆள் தேவைப்பட்டது. 2008இல் சாட்சி நாளிதழ் ஒரே நாளில் 23 பதிப்புகளோடு வந்தபோது அந்தத் தேவை இன்னும் பெருகியது. இவரைப் போன்ற டிடிபி தெரிந்த இளைஞர்களுக்குச் சொந்த மாவட்டத்திலேயே சம்பளம் கிடைத்தது இப்படித்தான்.

இவர் சேர்ந்த புதிதில் பேஜ்மேக்கரில் செய்தியைத் துண்டு துண்டாக பட்டர் ஷீட்டில் எடுத்து, பிளேடால் வெட்டி ஒட்டுவார்களாம். ஒரு வரி கோணலாகிவிட்டால் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். இப்போது எல்லாம் திரையில். ஆனால் பக்கங்கள் சுருங்கிவிட்டன. 2020 ஊரடங்கில் தனி மாவட்ட இணைப்புகள் பல பத்திரிகைகளில் நின்று, மாவட்டச் செய்தி மெயின் பேப்பருக்குள் வந்து ஒண்டிக்கொண்டது. பிறகு 2022 ஏப்ரல் 4. ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. பழைய சித்தூர் மாவட்டம் உடைந்து திருப்பதி தனியானது. மதனப்பள்ளி பக்கம் அன்னமய்யா மாவட்டத்தோடு போனது. பக்கத் தலைப்புகள், வரைபடம், எந்த மண்டலச் செய்தி எந்தப் பக்கத்துக்கு என்ற கணக்கு எல்லாம் ஒரே இரவில் மாறின. அன்று முதல் இவருக்கு வீடு ஒரு மாவட்டம், வேலை இன்னொரு மாவட்டம்.

குப்பம் பக்கம் மூடியதும் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். கேண்டீன் டீயோடு, 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவைப் பற்றிக் கேட்டேன். வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு. சொர்க்கவாசல் தரிசன டோக்கனுக்காக ஊரில் பல இடங்களில் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, நெரிசலில் ஆறு பேர் உயிர் போனது. அதில் ஒருவர் நம் சேலம் பக்கத்துப் பெண்.

“ஏகாதசிக்காக ஒரு பக்கம் ரெடி பண்ணி வெச்சிருந்தேன் சார். கோபுரத்துல சீரியல் லைட், சுத்தி தங்கக் கலர் பார்டர். செய்தி வந்ததும் யாரும் சொல்றதுக்கு முன்னாடியே பார்டரைத்தான் தூக்கினேன். அப்புறம் லைட் படம். போன்ல படங்க வந்து கொட்டுது. முகம் நசுங்கித் தெரியற படம் எதையும் தொடல. ஆஸ்பத்திரி வாசல்ல ஜனங்க நிக்கிற படத்தை வெச்சேன். மறுநாள் ஆறு பேர் போட்டோவும் கிடைச்சப்போ எல்லாத்தையும் ஒரே அளவுல வெச்சேன்.”

ஒரே அளவு என்பதை அழுத்திச் சொன்னார். தலைவர்களின் பிறந்தநாள் விளம்பரங்களில் யார் முகம் எத்தனை சென்டிமீட்டர் என்பதற்காக எத்தனை போன் வரும் என்பதை அறிந்தவர் அவர். அந்த இரவிலும் மறுநாளும் எழுத்தும் குரலும் இல்லாமல் ஒரு மனிதர் எடுத்த தீர்மானங்கள் அவை. பத்திரிகை தர்மம் பற்றிப் பேசுகிறவர்கள் தலையங்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். அது லே-அவுட்டிலும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நள்ளிரவு தாண்டி அச்சுக்கூடத்துக்குப் போனோம். ஒரு வண்ணப் பக்கத்துக்கு நாலு அலுமினியத் தகடு: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மிஷின் ஓடத் தொடங்கி முதலில் விழுகிற பிரதிகள் வேஸ்ட். நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியும்வரை மிஷின்மேன் லென்ஸை வைத்து ஓரக்குறிகளைப் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்கிறார். ஒரு மயிரிழை விலகினால் மாப்பிள்ளைக்கு இரண்டு மீசை. நல்ல பிரதி ஒன்றை உருவி, இவர் முதலில் பார்த்தது உண்டியல் கணக்கு. நான் பார்த்தது கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும் வரியை. அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்கள் இருந்தே ஆக வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் விதி. பக்கம் கட்டியவருக்கு அங்கே இடமில்லை. செய்திக்குக் கீழே நிருபர் பெயர் வருகிறது, படத்துக்குக் கீழே புகைப்படக்காரர் பெயர் வருகிறது. பக்கத்தின் ஓரத்தில் இவர் பெயரும் வரலாம். ஒரு சென்டிமீட்டர்கூடச் செலவாகாது.

சித்தூர் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம். பின்னால் கட்டுக்கட்டாகப் பத்திரிகை. பெரும்பாலான இரவுகளில் இவர் வீட்டுக்குப் போவது இந்த வண்டியில்தான். வேலை இழுத்துவிட்டால் கொர்லகுண்டாவில் நண்பர்களோடு எடுத்திருக்கும் அறையில் படுத்துக்கொள்வார். சந்திரகிரி தாண்டியதும் மாம்பழ லாரிகள் வரிசை கட்டின. நாம் கிளிமூக்கு என்கிற தோத்தாபுரி. இந்த மாவட்டத்து கூழ் ஆலைகளின் உயிர்நாடி. விலை கிடைக்கவில்லை என்ற விவசாயிகளின் குமுறலை அன்று நாலு காலத்தில் வைத்திருந்தார். அந்தக் கட்டுகளோடு, அதே விவசாயிகளின் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் வண்டி ஊர்ந்தது. பூதலப்பட்டில் ஒரு கட்டு இறங்கியது. சித்தூர் பேருந்து நிலையம் அருகே ஏஜென்ட்களும் சைக்கிள் பையன்களும் தயாராக இருந்தார்கள்.

விடிவதற்கு முன்பே வீட்டில் விளக்கு எரிந்தது. மாமியார் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். மருமகன் கொண்டுவந்த தெலுங்குப் பேப்பரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தினத்தந்தி எப்போது வரும் என்று கேட்டார். இவருடைய நாள் பதினொரு மணிக்குத்தான் தொடங்குகிறது. எழுந்து குளித்து, ராகி சங்கட்டியும் வேர்க்கடலைத் துவையலும் சாப்பிட்டு, ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் எழுபது கிலோமீட்டர் தாண்டி வேலைக்குச் சேர முடியும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. பள்ளி நாட்களில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவது வார விடுமுறையில் மட்டும். அது இவருக்குச் செவ்வாய்க்கிழமை. பண்டிகைக்கு முதல் நாள் விளம்பரம் குவியும், எனவே அன்றும் லீவு இல்லை.

மகள் இந்த ஆண்டு பத்தாவது தேறியிருக்கிறாள். ஏப்ரல் 23ஆம் தேதி ரிசல்ட். அன்று இரவு இவர் முன்னால் வந்து விழுந்ததெல்லாம் பள்ளிகளின் விளம்பரம். பாஸ்போர்ட் அளவு முகங்களும், கீழே 600க்கு இத்தனை என்ற மார்க்கும். அதில் ஒன்று மகளுடைய பள்ளி. மூன்றாவது வரிசையில் அவள். முடித்து அனுப்பிய விளம்பரத்தில் கைவைக்கக் கூடாது. அப்படியே இறக்கிவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன் என்றார்.

“பெருசாக்கி ஒரு பிரிண்டாவது எடுத்திருக்கலாம் இல்ல?” என்றாள் மகள்.

“எடுத்தேன்டா” என்று பீரோவைக் காட்டினார்.

அவள் இப்போது திருப்பதி பத்மாவதி ஜூனியர் காலேஜில் சேர வேண்டும் என்கிறாள். ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் அப்பா வேலை செய்கிற ஊரிலேயே இருப்பாள். சந்தோஷமான செய்திதான் என்றேன். மனைவி சிரிக்கவில்லை. “அவளுக்கு லீவு ஞாயித்துக்கிழமை, இவருக்குச் செவ்வாய்க்கிழமை. எனக்கு ஸ்கூல் இங்க. செவ்வாய்க்கிழமை இவர் இங்க வந்துட்டா அவளை யார் போய்ப் பாக்கறது?” என்றார். ஞாயிறு விடுமுறை கேட்டு எடிஷன் இன்சார்ஜிடம் பேசுவதாக இவர் சொன்னார். ஆனால் கைக்குழந்தை உள்ள இரண்டு பேர் ஏற்கெனவே ஞாயிறு எடுக்கிறார்கள், அவர்களிடமிருந்து பிடுங்க மனமில்லை என்றும் சொன்னார். கடைசியில் வேறு ஒரு வழி பேசினார்கள். சித்தூரிலிருந்து மதிய பஸ்ஸில் வேலைக்குப் போவதற்குப் பதில், வாரத்தில் ஒரு நாள் முந்தைய இரவு அறையிலேயே தங்கி, காலேஜ் மதிய இடைவேளைக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவது. இடைவேளை எத்தனை நிமிடம் என்று விசாரிக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.