மணலில் ஊறும் நன்னீர்

தொம்மலூரில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்து பழகிய பிள்ளைகளுக்குத் தனுஷ்கோடி ஒரு வியப்பை வைத்திருக்கிறது. அங்குச் செல்வோர் பலரும் அரிச்சல்முனையில் நின்று கடலைக் கண்டு, 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தேவாலயத்தையும் இரயில் நிலையத்தையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். சிலரே மீனவர் குடிசையருகே நின்று, ஊற்றுநீர் கேட்டுப் பருகுவர்.

கடலுக்கு அருகிலேயே மணலைக் கையால் தோண்டினால் நன்னீர் ஊறுகிறது. மணலில் இறங்கிய மழைநீர் கடல்நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. பெண்கள் அதனைச் சிறிது சிறிதாக முகந்து குடத்தில் நிரப்புவர். மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும்.

எனவே, விருந்தினர் ஒரு வாய் பருகலாம்; புட்டியில் நிரப்பிச் செல்லுதல் ஆகாது.